தலையணைக்கு ஏறிய எண்

மயக்க மருந்து செலுத்தும் பம்பு தயங்கித் தயங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேசையில் பரமானந்தத்துக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

“இன்னும் தள்ளு, முழிச்சுக்கப் போறார்,” என்றது மருந்தின் அளவைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர். “மானிட்டர் சொல்ற முழிப்பு எண் ஏறுது பார்.”

“மூச்சு இறங்குதே அண்ணே!” என்றது பம்பு.

“வயசு, எடை எல்லாம் போட்டாச்சு. என் கணக்கு தப்பாது.”

பம்பு பயந்துகொண்டே தள்ளியது. மூச்சு இன்னும் இறங்கியது. அதற்குமேல் மனசு கேட்கவில்லை. தள்ளுவதை நிறுத்திவிட்டு ஓவென்று அலறியது. டாக்டர் பாய்ந்து வந்து மூச்சுக் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தார்: முழிப்பை அளக்க மானிட்டருக்காக நெற்றியில் ஒட்டிய பட்டை வியர்வையில் கழன்று தலையணையில் கிடந்தது.

“அடப்பாவி, சொல்லக்கூடாதா?” என்று மானிட்டரைப் பார்த்துப் பதறியது பம்பு.

“எண் எவ்வளவுன்னு கேட்டீங்க, சொன்னேன்,” என்றது மானிட்டர். “யாரோடதுன்னு யாரும் கேக்கலையே.”