நாலு மாத வித்தியாசம்

"என்னையும் அதில எழுதுவியோ, பிள்ளை?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே பவளம் மாமி ஒருநாள் ஆரணியிடம் கேட்டாள்.

"அப்பாவின்ர தங்கச்சியை விட்டிட்டு எழுதுறதோ? நீங்கள்தான் கதாநாயகி."

"அப்ப என்ர மூக்கைக் கொஞ்சம் சின்னனாக்கி எழுது."

அவர்கள் வாழ்ந்த நாட்டில் வந்தேறிய குடும்பங்கள் தாங்கள் வந்த கதையை ஆதாரங்களோடு அனுப்ப வேண்டும். கணினி சரிபார்த்து ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே தொடர்ந்து தங்கலாம். பள்ளியை இடையில் விட்ட ஆரணிக்கு வீட்டில் கிடைத்த முதல் பொறுப்பு அது. அவள் ஆவணக்காப்பகத்தைத் துருவி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களை ஏற்றிவந்த கப்பலின் பயணிகள் பட்டியலைக் கண்டெடுத்தாள். அதில் அப்பா மாசியில் பிறந்திருந்தார். மாமி அதே ஆண்டு ஆனியில்.

ஒரு தாய்க்கு நாலு மாத வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகள் பிறக்க முடியாது. யாருடைய குழந்தையையோ தன்னுடையது என்று சொல்லி அப்பாவின் அம்மா கப்பலேற்றியிருக்கிறார். ஆரணிக்கு அது உடனே விளங்கியது. பேசாமல் விட்டிருக்கலாம். கெட்டிக்காரி என்று பெயரெடுக்கும் ஆசையில் பட்டியலையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

தங்கலாம் என்று வந்த பதிலில் மாமியின் பெயர் மட்டும் இல்லை. அவள் இருபது நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

"உந்தப் பட்டியல் அவங்களிட்ட எப்பிடிப் போனது?" என்று அப்பா கத்தினார்.

"விடுங்கோ அண்ணை, அவங்களுக்குக் கிடைக்காத கடதாசியோ?" என்றாள் மாமி.

இருபதாம் நாள் வாசலில் வாகனம் வந்து நின்றது.

"நான்தான் அனுப்பினனான், மாமி" என்றாள் ஆரணி.

மாமி குனிந்து சப்பாத்து வாரை இறுக்கினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.