மழை பார்க்கும் பெட்டி

மழையைக் கண்டுபிடிக்க வேண்டிய சென்சார் மேல் யாரோ நீல பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

ஏணி மேல் நின்ற இன்ஜினியர் அதை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

மூன்று மாத உழைப்பு. குன்றின் மேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியைக் காப்பாற்றத்தான் இந்தச் சின்னப் பெட்டி. இதன் தலையில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், மோட்டார் ஓடி, கூரை தானே மூடிக்கொள்ளும். நேற்று சாயங்காலம், அவள் ஊருக்குள் போயிருந்த நேரத்தில், மழை அடித்துக் கொட்டியிருக்கிறது. பெட்டிக்குத் தெரியவே இல்லை.

"டெலஸ்கோப் நனைஞ்சிருச்சா?"

"இல்ல மேடம்," என்றார் உதவியாளர். "கூரைக்காரம்மா வழக்கம்போல சக்கரத்தைச் சுத்திக் கையாலயே மூடிட்டாங்க."

"அப்ப இதைக் கட்டினது?"

"இதைக் கேக்கவும் வேணுமா? மழை வந்தா கூரையை மூடுறது, விட்டா திறக்கிறது. பத்து வருஷமா அந்தம்மாவுக்கு இதுதான் வேலை. அதுக்கு உலை வைக்க வந்த பெட்டியாச்சே! கண்ணைக் கட்டிட்டாங்க. மெஷின் தூங்கிருச்சு, நான்தான் காப்பாத்தினேன்னு நல்ல பேரும் வாங்கிக்கலாம்ல?"

இன்ஜினியர் விறுவிறுவென்று அறைக்குள் போய், இயக்குநருக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்களைக் கூப்பிடுங்க."

கூரைக்காரம்மா வந்து வாசலிலேயே நின்றார். தலையில் துண்டு சுற்றியிருந்தார். பேசுவதற்கு முன்னால் இரண்டு தும்மல்.

இத்தனை நாளில் அவரிடம் இன்ஜினியர் நேரில் பேசுவது இதுதான் முதல் தடவை.

"பையைக் கட்டினது நீங்களா?"

"ஆமாம்மா."

இல்லை என்று சாதிப்பார், பிடித்துவிடலாம் என்று இருந்தவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

"இந்தப் பெட்டி எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. மழை வருதான்னு பாத்துக் கூரையை மூடுமாமே. இது நல்லா வேலை செஞ்சா அடுத்த மாசத்துலேர்ந்து நான் வர வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சேதான் கட்டினீங்க?"

"ஆமா."

உதவியாளர் 'நான் சொல்லலை?' என்பதுபோலப் பார்த்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அது என்னோட மூணு மாச உழைப்பும்மா," என்றாள் இன்ஜினியர்.

"அதுக்காகத்தாம்மா கட்டினேன்." கூரைக்காரம்மா துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கொளுத்துற வெயில்ல ஏணி மேல நின்னு நீங்க அதை மாட்டுறதும் கழட்டுறதுமா அல்லாடினதைத் தினம் பாத்தேன். நேத்து வானம் கருத்ததுமே கூரையை மூடிட்டேன். வெளியில வந்து பாத்தா, இது மட்டும் வெட்டவெளியில தனியா நிக்குது. கரண்டு சாமானாச்சே, தண்ணி பட்டு கெட்டுப்போனா, பாவம், இந்தப் பொண்ணு மறுபடியும் முதல்லேர்ந்து செய்யணுமேன்னு மனசு கேக்கலைம்மா."