இரண்டாவது ஜாய்ஸ்டிக்

ஏற்காடு பஸ் நிலையத்தருகே ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் மனுவேல் கடையை மூடப்போன நேரத்தில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாதப்பன் வந்து வீடியோ கேமின் ஜாய்ஸ்டிக் ஒன்றை நீட்டினார்.

“நாளைக்கு வாங்க ரைட்டரே. காலையிலிருந்து குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே விட்டுப்போச்சு.”

“இன்னைக்கே வேணுமுங்க.”

“மாரமங்கலம் போற கடைசி பஸ் போயிருமே?”

“போனா நடந்துக்கறனுங்க.”

மனுவேல் பெருமூச்சோடு திருகுகளைக் கழற்றினார். “வொயர் அறுந்திருக்கு. வளையற இடத்துல ஒரு ரப்பர் வெச்சிருந்தா அறுந்திருக்காது. செய்யறவன் ஆடிப் பாத்தாத்தானே தெரியும்? சரி, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்குது? மாத்தி மாத்தி ஆடலாமே.”

“இது ரெண்டு பேர் சேந்து ஆடறதுங்க. ஒருத்தர் முன்னால போனா, மத்தவர் வந்து சேர்ற வரைக்கும் படம் நகராதுங்க.”

“புரோகிராம் எழுதினவனுக்கு மூளையே இல்லீங்க. மெதுவா வர்றவனுக்காக வேகமாப் போறவன் நிக்கணுமா?” வொயரைப் பற்றவைத்தபடியே மனுவேல் கேட்டார். “பையன் நொம்ப அடம் பிடிக்கிறானாக்கும்?”

“அவனைத்தான் சேலத்துல ஹாஸ்டல்ல சேத்துட்டனுங்களே.”

“அப்புறம் யாருங்க ஆடறது?”

மாதப்பன் தரையைப் பார்த்தார். “நானும் ஊட்டுக்காரியுந்தானுங்க. அவனைக் கொண்டுபோய் விட்டதிலிருந்து அவ எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. சாயங்காலமானா அவனோட ஆட்டத்தைப் போட்டுட்டு உக்காந்துக்குவா. நானும் பக்கத்துல உக்காந்து ஆடுவனுங்க. நான் முன்னால போயி நிக்கறப்ப மட்டும், ‘செத்த இருங்க, வந்துட்டேன்’னு சொல்லுவா.”