குட்டை லீவர்

“முதலாளி, வண்டி திரும்ப மாட்டேங்குது! டயரு கத்துறது கேக்குதா?”

டிரைவர் குருசாமி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் கையில் முருங்கைக்கீரையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். ராஜபாளையத்தில் அந்தத் தெருவில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

தெரு முக்கில் சீனிச்சாமியின் வெளிநாட்டு ஜீப் நின்றது. தொண்ணூற்று மூன்றில் ஊருக்கே அது ஒன்றுதான். நேற்று குருசாமிக்கு லீவு. சீனிச்சாமியே ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைக் கும்பிடப் போனார். வீட்டில் சொன்னது அப்படித்தான்.

சீனிச்சாமி பதறி வெளியே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி நாச்சியார்.

“லாக்கைப் போட்டு எடுக்காம விட்டிருக்கும்மா. இந்தா, இந்தக் குட்டை லீவரு,” என்றான் குருசாமி.

“பூட்டிட்டா வண்டி எப்பிடிப்பா ஓடும்?” சுந்தரம்மாள் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

“அது வேற பூட்டுக்கா. இதுல முன்சக்கரம், பின்சக்கரம் ரெண்டுக்கும் என்ஜின் பவரு போகுது. நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒரு பல்சக்கரப் பெட்டி நின்னு பிரிச்சுக் குடுக்குது. வளைவுல முன்சக்கரம் கொஞ்சம் கூடுதலாச் சுத்தணும், அதுக்கு விட்டுக்குடுக்கும். ஆனா மணல்ல ஒரு சக்கரம் வழுக்கிச் சும்மா சுத்துனா, அம்புட்டுப் பவரும் அதுக்கே போயிரும்.”

“சும்மா சுத்துறவுகளுக்கே அம்புட்டும் போகுதாக்கும்!” என்றாள் நாச்சியார், புருஷனைப் பார்க்காமலே.

“அங்கதான் லாக்கு. போட்டா முன்னும் பின்னும் ஒண்ணாச் சுத்தி வண்டி ஏறி வந்துரும். அதை எடுக்காமத் தார் ரோட்டுல திருப்புனா இப்பிடித்தான் மல்லுக்கட்டும்.”

“அப்ப நேத்து வண்டி தாரை விட்டு இறங்கியிருக்கு!” என்றாள் சுந்தரம்மாள். அவளுக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

ஆகாதா பின்னே? கூமாப்பட்டியில் ஆற்று மணலைத் தாண்டினால் பணம் கட்டிச் சேவல்களை மோதவிடும் சேவல்கட்டு. ‘இனி அங்க என் காலு பட்டா மாந்தோப்பை உன் பேருக்கே எழுதித் தாரேன்’ என்று போன பங்குனியில் நாச்சியாரிடம் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார் சீனிச்சாமி. அதற்குச் சாட்சியே சுந்தரம்மாள்தான்.

“கோயிலு, பால்கோவாக் கடை, வீடு. தாரை விட்டு இறங்கவே இல்ல,” என்றார் சீனிச்சாமி.

“மறந்திருப்பிய முதலாளி. மணலைப் பாத்ததும் பயந்து போட்டிருப்பிய. கை பழகாதவுகளுக்கு எல்லாம் வாரதுதான்.”

“பயமா? எனக்கா?”

“விடுப்பா குருசாமி,” என்றாள் நாச்சியார். “லாக்கு இல்லாம மணலைத் தாண்ட இவியளால ஏலுமா?”

“ஏலுமாவா?” சீனிச்சாமி துள்ளினார். “அந்த லீவரை விரலால தொடலட்டி! கூமாப்பட்டி ஆத்தை லாக் போடாமலே போகையில ஒரு தடவ, வரையில ஒரு தடவ...”

சுந்தரம்மாள் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

பிறகு என்ன பேச்சு? சூடத்துக்குப் பயந்த மனிதர். தோப்புப் பத்திரத்தை எடுத்துவரத் தொங்கிய தலையோடு உள்ளே போனார். குருசாமி வண்டியை இரண்டடி பின்னால் எடுத்து லீவரைத் தள்ள, லாக் விட்டது. பத்திர ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட யாரும் கூப்பிடாமலே சுந்தரம்மாள் சேலை மாற்றிக்கொண்டு ஓடி வந்து, பின்சீட்டில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் இருப்பது தெரியாமல் நாச்சியார் டிரைவர் ஜன்னலில் குனிந்தாள்.

“வண்டிக்கு ஒண்ணும் ஆகலியேப்பா?”

“ஒண்ணும் ஆகலம்மா. முதலாளி சொன்னது நெசந்தான், நேத்து அவிய இதைத் தொடவே இல்ல. காலையில நீங்க காப்பியக் குடுத்துச் சொன்ன பொறவுதான நானே லாக்கைப் போட்டேன்!”