எதிர்வீட்டு உறைமோர்

ஒவ்வொரு வீட்டுத் தயிரிலும் அந்த வீட்டுக்கென்றே வளர்த்த காவல் பாக்டீரியா இருந்தது. நோய் அண்டாது. ஆனால் வேறு வீட்டுத் தயிர் உள்ளே போனால், இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விஷம் கக்கி, தின்றவர் குடலைப் புரட்டிவிடும்.

வீட்டில் உறைமோர் தீர்ந்துபோக, ஒரு கரண்டிதானே என்று எதிர்வீட்டு சுலோச்சனாவிடம் வாங்கிவிட்டாள் பூங்கோதை.

"ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமா ஊத்துங்க," என்றாள் சுலோச்சனா.

மறுநாள் சாப்பிட்ட பூங்கோதையும் மகளும் ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தார்கள்.

"வருஷக்கணக்கா ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டுப் பழகினவங்களுக்குத்தான் இது ஒத்துக்கும்," என்றார் டாக்டர். "வேற யாரும்மா சாப்பிட்டாங்க?"

பூங்கோதை திரும்பினாள். இரண்டு தட்டு தயிர்சாதத்தை வழித்துத் தின்ற கணவன் தணிகாசலம், ஒன்றுமே ஆகாமல் கட்டிலோரம் நின்றான். முகம் மட்டும் வேர்த்திருந்தது.

அவளுக்கு வயிற்றுவலி மறந்துபோயிற்று.