எச்சில் கை

பாயச வாளி மறுபடியும் வருவதை அவர் பார்த்தார்.

பேத்தியும் பார்த்துவிட்டாள்.

இடப்பக்கம் மூத்த மகள் வாசுகி. அவள் மடியில் நான்கு வயதுக் கோதை. குழந்தையின் இரண்டு கைகளையும் வாசுகி இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

அவர் உத்தரவு.

வலப்பக்கம் மாப்பிள்ளையின் அப்பா. இன்று இளைய மகளுக்கு நிச்சயம். தட்டு மாற்ற நல்ல நேரம் பந்திக்குப் பிறகுதான்.

கோதைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சைகை பழக்கியிருந்தாள். கை முதலில் பேசட்டும், வாய் பின்னாலேயே வரும் என்றாளாம்.

"ஊமை இருக்கிற வீடுன்னு பேர் வாங்கணுமா? மண்டபத்துல அதெல்லாம் வேண்டாம்" என்று காலையில் சொல்லியிருந்தார்.

வாளி நெருங்கியது.

ஒருவர் இலைமேல் உள்ளங்கையை விரித்தார். போதும்.

அடுத்தவர் விரல் நுனியைக் காட்டினார். கொஞ்சம்.

மாப்பிள்ளையின் அப்பா, வாய் நிறைய அப்பளத்தோடு, கையைக் குழித்து நீட்டினார். ஊற்று.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாளிக்காரனுக்கு எல்லாம் புரிந்தது.

கோதை திமிறினாள். முகம் சிவந்துவிட்டது. வாளி அவளைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"விடும்மா அவளை."

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

வாசுகி விட்டாள்.

சின்ன விரல்கள் குவிந்தன. இரண்டு கைகளின் நுனியும் முட்டின. திரும்ப முட்டின. வேகமாக, இன்னும் வேகமாக.

கூடவே உதடும் பிரிந்தது.

"ன்னும்."

வாசுகியின் கைச்சோறு இலையில் விழுந்தது.

"அப்பா... கேட்டுச்சா?"

கேட்டது. உடம்பெல்லாம் கேட்டது.

சத்தத்துக்கு வாளிக்காரன் திரும்பினான். "யாருக்கு சார்?"

சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை.

எச்சில் கையை மறுகையால் தொடுவது பிறந்ததிலிருந்து அவருக்கு ஆகாது. தொட்டவர்களைப் பந்தியிலேயே வைத்துக் கண்டித்திருக்கிறார்.

இரண்டு கைகளையும் இலைக்கு மேலே உயர்த்தினார். விரல்களைக் குவித்தார். நுனியோடு நுனி முட்டினார். பாயசம் முழங்கை வரை வழிந்தது.

கோதை கெக்கலித்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"என்ன சம்பந்தி இது?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல இப்படித்தான் கேப்போம்."