மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச்

பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, கையை எடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே பதினோரு வாட்ச்.

எதிரே வருங்கால மாப்பிள்ளை ஜெகதீசன். ஈரோட்டிலிருந்து பைக்கிலேயே சேலம் வந்திருந்தான். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

இதில் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டு போகப் போகிறான்.

கடையில் வாங்கித் தருவதுதான் வழக்கம். நிச்சயத்தன்று சம்பந்தி சிரித்துக்கொண்டே, மாமனார் வீட்டிலேயே ஒரு வாட்ச் கடை இருக்கும்போது வெளியே எதற்கு என்று கேட்டார். அதுக்கென்ன, மாப்பிள்ளைக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று சகுந்தலா சொல்லிவிட்டாள். புருஷனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அவர் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் ஆசிரியர். லட்சக்கணக்கில் விற்கும் வாட்ச்சையெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. இருபதாயிரம், மிஞ்சினால் முப்பதாயிரம், அதுதான் அவருடைய எல்லை. பணக்காரன் தப்பான வாட்ச்சை வாங்கினால் மறுநாளே இன்னொன்று வாங்கிக்கொள்வான். இவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஒன்று வாங்குவதற்கு முன் எட்டு மாதம் விசாரிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை நொடி பிந்தும், பழுதானால் யார் பார்ப்பார்கள், ஐந்து வருஷம் கட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள், எல்லாம்.

மாப்பிள்ளையை மூன்று வாரத்தில் முடித்தாகிவிட்டது.

ஜாதகம் பொருந்தியது. வேலை நல்ல வேலை. குடும்பமும் நல்ல குடும்பம் என்று நாலு பேர் சொன்னார்கள். பையன் எப்படிப்பட்டவன் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. மைதிலி ஒரே மகள்.

இந்தக் கவலை போதாதென்று வாட்ச் கவலையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்ணையே கொடுக்கிறோம், ஒரு வாட்ச்சுக்கு மனசு இப்படி அடித்துக்கொள்கிறதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, காலையில் நீல டயல் வாட்ச்சை மட்டும் எடுத்துப் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்தார்.

பெட்டியில் ஓர் இடம் காலியாக இருப்பதைச் சகுந்தலா பார்த்தாள். நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாட்ச் திரும்பி வந்தது.

இப்போது அது நட்டநடுவில் இருந்தது. மற்ற பத்தையும்விட அழகாகத் தெரிந்து அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது.

ஜெகதீசன் கையை நீட்டவில்லை. இதில் எதை வாங்க ரொம்ப நாள் ஆனது என்று கேட்டான்.

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். விரல் நீல டயலைக் காட்டிவிட்டது.

எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டான்.

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. விலையைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, இந்தக் காசுக்கு ஒரு தோடு எடுத்திருக்கலாமே என்பார்கள்.

அவர் சொன்னார். இரண்டு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்திய காசைத் தொடாமல் வைத்தது. கேன்டீன் டீயை விட்டது. பழைய மொபெட்டையே உதைத்து உதைத்து ஓட்டியது. காசு சேர்ந்து கடைக்குப் போனால் விலை ஏறியிருந்தது. இன்னும் நாலு மாதம். அந்த நாலு மாதமும் சனிக்கிழமை தவறாமல் போய், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அவர் படும் பாட்டைப் பார்த்து, கடைக்காரரே அதை ஷோகேஸிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் மறந்துபோனது. மைதிலி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது.

ஜெகதீசன் ஒருமுறைகூடச் செல்போனைப் பார்க்கவில்லை.

பிறகு, எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான்.

போச்சு என்று நினைத்தார்.

அவன் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தான். கண்ணாடியில் படாமல், பட்டையைப் பிடித்து வாட்ச்சை எடுத்தான். பெட்டிக்கு மேலேயே தாழ்வாகப் பிடித்துக்கொண்டான். நழுவினாலும் மெத்தையில்தான் விழும். இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

திருப்பினான். பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். கையில் கட்டிப் பார்க்கவில்லை.

எடுத்த இடத்திலேயே வைத்தான்.

ஓரத்தில் இருந்த, இருப்பதிலேயே விலை குறைந்த பேட்டரி வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"அத நீங்களே கட்டுங்க மாமா. நான் அப்பப்ப வந்து பாத்துக்கறனுங்க."

வேறு யாராவது பெரிய மனசுக்காரராக இருந்தால், இல்லை மாப்பிள்ளை, இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார். இவருக்கும் வாய்வரை வந்தது. மூடியைச் சாத்திவிட்டார்.

பைக் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு நேராக அடுப்படிக்குப் போய், மீந்திருந்த கேசரியைப் பாத்திரத்தோடு எடுத்து நின்றபடியே தின்ன ஆரம்பித்தார். இரண்டு மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. தனக்குத்தானே சிரித்தும் கொண்டார்.

சகுந்தலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஒரு வாட்ச்சு தப்பிச்சதுக்கா இவ்வளவு சந்தோசம்?"

மைதிலி அந்தப் பக்கம் திரும்பி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்றார்.